அக்ரிலிக் சம்பில் பல்க்ஹெட் ஓட்டையிலிருந்து 11 செ.மீ. விரிசல்: ஒட்டினால் நிற்குமா?

கேட்டவர்:

வணக்கம். 4 அடி கடல்நீர்த் தொட்டிக்குக் கீழே ஓடுகிற சம்பில் (மேல்தொட்டித் தண்ணீர் இறங்கி வடிகட்டப்படும் அடித்தொட்டி) விரிசல் விட்டிருக்கிறது. சம்ப் அளவு 90 × 40 × 40 செ.மீ., 6 மி.மீ. அக்ரிலிக். ஓடும்போது தண்ணீர் 24 செ.மீ. நிற்கும். கரண்ட் போனால் மேலேயிருந்து இறங்கி 32 வரை ஏறும். ரிட்டர்ன் பம்ப் (தண்ணீரை மேல்தொட்டிக்குத் திருப்பி ஏற்றுவது) வெளியே இருப்பதால் பின்பக்கப் பலகையில், அடியிலிருந்து 12 செ.மீ. உயரத்தில் ஒரு பல்க்ஹெட் (பைப்பைக் கசியாமல் பலகை வழியாகக் கொண்டுபோகும் திருகு இணைப்பு). அந்த ஓட்டையின் விளிம்பில் தொடங்கி, சாய்வாகக் கீழிறங்கி, அடி ஒட்டுக்கு இரண்டரை செ.மீ. மேலே வந்து நிற்கிறது விரிசல். நீளம் 11 செ.மீ. இப்போதைக்குச் சொட்டுதான், வெளிப்பக்கம் உப்புப் பூத்திருக்கிறது.

சிலிகான் தடவு என்கிறார் ஒருவர், எபாக்சி புட்டி வை என்கிறார் இன்னொருவர், குளோரோஃபார்மை விரிசலில் விட்டால் ஒட்டிக்கொள்ளும் என்கிறார் மூன்றாமவர். எது நிற்கும்? வேலை நடக்கும் நாட்களில் மேல்தொட்டியை எப்படி ஓட்டுவது? இடம் சென்னை.

ஷீட்பட்டறை:

மூன்றுமே நிற்காது. காரணம் தெரிந்தால் மறுபடி யாரும் உங்களைக் குழப்ப முடியாது.

சிலிகான் கண்ணாடியைப் பிடிப்பதுபோல அக்ரிலிக்கைப் பிடிக்காது. மேலே ரப்பர் தோல்போல உட்கார்ந்திருக்கும், பலகை கொஞ்சம் வளைந்தாலே ஓரத்திலிருந்து உரியும். எபாக்சி புட்டி ஈரத்திலும் இறுகும் என்பது உண்மை. ஆனால் இறுகியபின் அது கல், அக்ரிலிக்கோ வளைகிற பொருள். பம்ப் அதிர்வில் இரண்டும் பிரிந்துவிடும். இன்று ராத்திரி தரை நனையாமல் இருக்க வேண்டுமானால் வையுங்கள், அதற்கு மேல் நம்ப வேண்டாம். அதிலும் ஒரு சிக்கல், பிறகு அந்த இடத்தைச் சுத்தமாகச் சுரண்டி எடுக்காமல் பட்டி (மேலே ஒட்டும் அக்ரிலிக் துண்டு) ஒட்ட முடியாது.

குளோரோஃபார்ம் விஷயம் வேறு. அது அக்ரிலிக்கைக் கரைத்து இணைக்கும், பட்டறைகளில் புதிய ஷீட்டை அதை வைத்துத்தான் ஒட்டுகிறோம். ஆனால் உங்கள் விரிசலுக்குள் உப்பும் சுண்ணாம்பும் பாசியும் போயாகிவிட்டது. கரைப்பான் அழுக்கை இணைக்காது. அதைவிட மோசம், விரிசலின் நுனியில் இழுவிசை நிற்கிறது. இழுவிசை உள்ள அக்ரிலிக்கில் கரைப்பான் பட்டால் விரிசல் கண்முன்னாலேயே இன்னும் இரண்டு செ.மீ. ஓடும். ஸ்பிரிட், அசிட்டோன், அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவம் எல்லாமே இதே வேலையைச் செய்யும். துடைக்கிறேன் என்று அவற்றை எடுத்துவிடாதீர்கள்.

நிற்பது ஒன்றுதான்: நுனியை நிறுத்திவிட்டு, உள்பக்கமாக ஒரு பட்டி. தண்ணீரே பட்டியைச் சுவரோடு அழுத்தும். வெளியே ஒட்டினால் அதே தண்ணீர் அதைத் தள்ளும்.

தண்ணீரின் அழுத்தத்தால் இது உடையவில்லை என்பதையும் கவனியுங்கள். 24 செ.மீ. தண்ணீரில் அந்தப் பின்பலகை முழுவதின் மேலும் விழும் விசை சுமார் 26 கிலோ எடை அளவுதான், 6 மி.மீ. ஷீட்டுக்கு அது பெரிய விஷயமில்லை. ஓட்டையிலிருந்து விரிசல் கிளம்பினால் கேள்வி கேட்க வேண்டியது ஓட்டையை. துளைக்கும்போது விளிம்பில் சில்லு பெயர்ந்திருக்கலாம், நட்டை ஸ்பேனர் போட்டு முறுக்கியிருக்கலாம், இறுக்கமான பிவிசி பைப் பம்பின் அதிர்வை நேராகப் பலகைக்குக் கொண்டுவந்திருக்கலாம். பெரும்பாலும் மூன்றும் சேர்ந்தே இருக்கும். இதைச் சரிசெய்யாமல் பட்டி போட்டால் அடுத்த விரிசல் ஓட்டையின் மறுபக்கத்திலிருந்து கிளம்பும்.

செய்முறையைச் சொல்வதற்கு முன் இரண்டு தகவல் வேண்டும். வெர்னியரால் (தடிமன் அளக்கும் கருவி) ஷீட்டின் தடிமனை நாலைந்து இடத்தில் அளந்து சொல்லுங்கள். ஓட்டையைச் சுற்றி, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். வெள்ளிச் சரிகைபோல மெல்லிய கோடுகள், அதாவது இழுவிசையால் வரும் நுண்விரிசல்கள், வலையாகத் தெரிகிறதா?

உப்புத்தண்ணி:

பசைக்காரர் பசையைப் பார்க்கட்டும், நான் மீனைப் பார்க்கிறேன். முழு வேலைக்கு ஒரு வாரத்துக்கு மேலேயே வைத்துக்கொள்ளுங்கள், அதற்குக் குறையாது.

முதலில் ரிட்டர்ன் பம்பை நிறுத்தி, மேலேயிருந்து இறங்க வேண்டியது இறங்கி முடியட்டும். பிறகு சம்புத் தண்ணீரை எடுங்கள். உங்கள் அளவுக்கு 24 செ.மீ. என்றால் 86 லிட்டர், இறங்கியபின் 115 லிட்டர். அவ்வளவுக்கும் வாளியோ டிரம்மோ தயாராக இருக்கட்டும். அது கலந்து வைத்த உப்புத்தண்ணீர், கொட்டிவிட்டுப் புதிதாகக் கலப்பது வீண் செலவு.

பயோ மீடியா (பாக்டீரியா குடியிருக்கும் வடிகட்டிப் பொருள்), கல் எல்லாம் அதே தண்ணீரில் ஒரு டப்பில் மூழ்கியிருக்க வேண்டும். உள்ளே ஏர்ஸ்டோனோ சின்ன பவர்ஹெட்டோ (தண்ணீரைச் சுழற்றும் குட்டிப் பம்ப்) ஓடட்டும். காற்றில் காய வைத்தால் பாக்டீரியா செத்துவிடும், திரும்பப் போடும்போது தொட்டியில் அம்மோனியா எகிறும். ஃபில்டர் சாக்ஸ், பஞ்சை மட்டும் அலசிக் காயப்போடலாம்.

மேல்தொட்டியில் ஓவர்ஃப்ளோ (மேல்மட்டத் தண்ணீர் சம்புக்கு வழிவது) நின்றுவிட்டதால் மேற்பரப்பில் எண்ணெய்ப் படலம் கட்டும், ஆக்சிஜன் குறையும். ஒரு வேவ்மேக்கரை (தொட்டிக்குள் நீரோட்டம் கிளப்பும் பம்ப்) மேல்நோக்கித் திருப்பி, தண்ணீர் மேலே சலசலக்க விடுங்கள். ஸ்கிம்மர் (கழிவை நுரையாக்கி எடுக்கும் கருவி) இல்லாத நாட்களில் தீனியைப் பாதியாக்குங்கள். ஆட்டோ டாப்-ஆஃப் (குறையும் தண்ணீரைத் தானே நிரப்பும் கருவி) சம்பில்தானே இருந்தது? இப்போது ஆவியாகும் தண்ணீரை நீங்கள்தான் ஈடுகட்ட வேண்டும். தொட்டிக் கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு ஒரு டேப் ஒட்டி, காலை மாலை ஆர்ஓ தண்ணீர் ஊற்றுங்கள். மறந்தும் உப்புத்தண்ணீர் ஊற்றாதீர்கள். ஆவியாவது வெறும் தண்ணீர்தான்.

இன்னொன்று, பலருக்குத் தோன்றாதது. ஒட்டும் வேலையைத் தொட்டி இருக்கிற அறையில் செய்யக் கூடாது. ஏர்பம்ப் அறைக் காற்றை உறிஞ்சித் தண்ணீருக்குள் தள்ளுகிறது. கரைப்பான் வாடை இருந்தால் அதையும் சேர்த்துத் தள்ளும். சம்பைக் கழற்றி மொட்டைமாடிக்கோ பால்கனிக்கோ கொண்டுபோய்விடுங்கள்.

கண்ணாடிக் கட்சி:

தலைப்பில் கேட்டதற்கு என் பதில்: ஒட்டலாம். ஆனால் அந்த ஓட்டையைத் திரும்ப உபயோகிக்காதீர்கள்.

ஓட்டையையும் விரிசலையும் சேர்த்து முழுப்பட்டியால் மூடிவிட்டு, மூழ்கி ஓடும் ரிட்டர்ன் பம்பை உள்ளே வையுங்கள். பைப் மேலே ஏறிப் போகட்டும். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஓட்டையே இல்லாத சம்புக்குக் கசிய இடம் குறைவு. வெளிப்பம்பின் ஒரே லாபம் சூடு தண்ணீருக்குள் குறைவாகப் போவது, சென்னை வெயிலில் அது சின்ன லாபமில்லைதான். இருந்தாலும் உடைந்த பலகையில் திரும்ப ஓட்டை போடுவதைவிடக் குறைந்த வாட்டில் ஓடும் டிசி பம்ப் வாங்குவது நல்லது.

ஷீட்பட்டறை கேட்ட வெள்ளிக்கோடு பலகை முழுக்க இருந்தால் பேச்சே வேண்டாம், சம்பைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். பட்டி ஒட்டும் பசையே புது விரிசலைக் கிளப்பும். கொளத்தூர் பக்கம் அளவு சொன்னால் கண்ணாடிச் சம்ப் செய்து கொடுப்பார்கள். கண்ணாடி என்றால் உள்தடுப்புகளைச் சிலிகானாலேயே பிடிக்கலாம் என்பதையும் மனதில் வையுங்கள். பூஞ்சைத்தடுப்பு மருந்து சேர்த்த பாத்ரூம் சிலிகானைப் போடாதபடி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:

நன்றி. அளந்துவிட்டேன்: 5.7, 6.1, 6.2, 5.8 மி.மீ. வெள்ளிக்கோடு ஓட்டையின் விளிம்பைச் சுற்றி ஒரு விரலகலம்தான், மற்ற இடமெல்லாம் சுத்தம். பம்பை உள்ளே வைக்கத் தீர்மானித்துவிட்டேன். முழுப்பட்டி எப்படிப் போடுவது? பெரிய பட்டியில் காற்றுக்குமிழ் மாட்டிக்கொள்ளும் என்கிறார்களே?

ஷீட்பட்டறை:

தடிமன் இப்படி மாறிமாறி வந்தால் அது காஸ்ட் ஷீட், அதாவது அச்சில் ஊற்றிச் செய்தது. நல்ல செய்தி. எக்ஸ்ட்ரூடட் (இயந்திரத்தில் பிதுக்கி எடுத்தது) ஆக இருந்தால் எல்லா இடத்திலும் ஒரே அளவு வந்திருக்கும். அது கரைப்பானைத் தாங்குவதும் குறைவு. பட்டிக்கும் காஸ்ட் ஷீட்டே கேட்டு வாங்குங்கள், 6 மி.மீ., 22 × 20 செ.மீ. அகலம் 22, உயரம் 20. ஓட்டைக்கும் விரிசலுக்கும் எந்தப் பக்கமும் குறைந்தது 5 செ.மீ. பட்டி வெளியே நீள வேண்டும், அந்தக் கணக்கில்தான் இந்த அளவு வருகிறது. கீழ்ப்பக்கம் மட்டும் விதிவிலக்கு, அங்கே பட்டி அடிப்பலகை வரை இறங்கி உட்காரும். மேல் மூலை இரண்டையும் 10 மி.மீ. ஆரத்துக்கு உருட்டிவிடுங்கள். கீழ் விளிம்பின் பின்பக்கக் கூர்மையைப் பைல் போட்டு 3 மி.மீ. சரித்துவிடுங்கள், சம்பின் மூலையில் பழைய பசை கெட்டியாக நிற்கும், அது இடித்தால் பட்டி சுவரோடு படியாது. ஓரத்தைப் பளபளப்பாக்க நெருப்புக் காட்ட வேண்டாம், நெருப்புப் பட்ட ஓரம் பசை பட்டதும் வெடிக்கும்.

சம்பைச் சுத்தம் செய்வது பாதி வேலை. பல்க்ஹெட்டைக் கழற்றிவிட்டு, உள்ளே நீர்த்த வினிகரால் சுண்ணாம்பைக் கரைத்து, நல்ல தண்ணீரில் கழுவி, கடைசியில் ஆர்ஓ தண்ணீரால் விரிசலைப் பலமுறை பீய்ச்சுங்கள். பிறகு இரண்டு நாள் ஃபேன் காற்றில் காய வேண்டும். ஹேர் டிரையர், ஹீட் கன் எதுவும் வேண்டாம். விரிசலுக்குள் ஈரம் மிச்சமிருந்தால் பசை வெள்ளையாகப் பூத்துப் பிடிக்காமல் போகும். மழை நாளிலும் இதே கதைதான். கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றிலுள்ள ஈரம் அதில் படியும். வெயிலடிக்கும் நாளில் நண்பகல் வேளையில், நிழலில் ஒட்டுங்கள்.

நுனியை நிறுத்துவது அடுத்தது. விரிசலின் கண்ணுக்குத் தெரியும் முனை உண்மையான முனை இல்லை. பக்கவாட்டில் டார்ச் அடித்து உள்பக்கம், வெளிப்பக்கம் இரண்டிலும் முனையைக் குறியுங்கள்; தடிமனுக்குள் விரிசல் சாய்வாகப் போவதால் இரண்டும் ஒரே இடத்தில் இருக்காது. தள்ளிப் போயிருக்கும் முனையை எடுத்துக்கொண்டு, அதற்கு 2 மி.மீ. அப்பால் மையம் வைத்து 3 மி.மீ. துளை போடுங்கள். பின்னால் ஒரு மரக்கட்டையை அழுத்திப் பிடித்து, மெதுவான வேகத்தில், அழுத்தாமல். உலோகத்துக்கான புதுக் கூரான பிட் அக்ரிலிக்கைக் கவ்வி இழுத்து மறுபக்கம் சில்லாகப் பெயர்க்கும். பிட்டின் வெட்டு விளிம்பை எண்ணெய்க்கல்லில் இரண்டு இழுப்பு இழுத்து மழுக்கிக்கொண்டால் சுரண்டிக்கொண்டு இறங்கும். துளை போட்டபின் விரிசல் துளைக்குள் வந்து முடிகிறதா, தாண்டிப் போயிருக்கிறதா என்று மறுபடி டார்ச் அடித்துப் பாருங்கள். தாண்டியிருந்தால் இன்னொரு துளை.

பசை. தண்ணீர்போல் ஓடும் கரைப்பான், அதாவது குளோரோஃபார்ம், டைகுளோரோமீத்தேன், வெல்டான் 4 (வெல்டான் என்பது பசை பிராண்ட்) வகை, ஊசி வழியாக ஓரத்தில் விட்டால் இடுக்கில் தானே ஏறும். குறுகலான ஒட்டுக்கு அதுபோல ஒன்று இல்லை. 22 × 20 பட்டிக்கு அது ஆகாது. நடுவுக்குப் போய்ச் சேருமுன் ஓரம் ஆவியாகிவிடும், குமிழும் வறண்ட திட்டுமாக நிற்கும். இதற்கு வெல்டான் 40 போன்ற இரு பாகப் பசை வேண்டும். அது ஆவியாகி இறுகுவதில்லை, வினைபுரிந்து இறுகுகிறது, இடுக்கையும் நிரப்பும். 0.3 மி.மீ. படலத்துக்கு 440 சதுர செ.மீ. பரப்பில் 13 மி.லி. போகும். ஓரத்தில் வழிவதையும் கப்பில் ஒட்டுவதையும் சேர்த்து 30 மி.லி. கலக்குங்கள். விகிதம் டப்பாவில் உள்ளபடி, தராசில் நிறுத்து. கண் மதிப்பு கூடாது, கெட்டிப்பானைக் கூட்டினால் கப்பிலேயே சூடேறிக் கெட்டியாகிவிடும். கலக்கியதும் இரண்டு நிமிடம் வையுங்கள், குமிழ் மேலே வரும்.

சம்பை முதுகில் படுக்கப் போடுங்கள், பின்பலகை தரையாக மட்டமாக இருக்கட்டும். ஓட்டையையும் விரிசலையும் வெளிப்பக்கம் பாலிஎதிலீன் டேப்பால் மூடுங்கள். பட்டி உட்காரும் இடம், பட்டியின் பின்பக்கம் இரண்டையும் 220 நம்பர் காகிதத்தால் மங்கலாகத் தேய்த்துத் துடைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கோடு இருக்கும் விரலகலத்தைத் தேய்க்க வேண்டாம். பட்டி வைக்கும் எல்லையைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள், வழிவது அதன்மேல் விழும்.

குமிழுக்கு மருந்து, ஊற்றும் விதம்தான். பசையை ஒரே குட்டையாக ஊற்றாமல் மூலைக்கு மூலை பெருக்கல் குறிபோல் ஊற்றுங்கள், ஓட்டை இருக்கும் இடத்தைச் சுற்றி ஒரு வளையமும். பட்டியின் கீழ் விளிம்பை முதலில் மூலையில் உட்கார வைத்து, மேல் விளிம்பைப் புத்தகம் மூடுவதுபோல மெதுவாக இறக்குங்கள். காற்று முன்னால் ஓடி வெளியேறும். மேலே ஒரு கிலோ எடை, இரண்டு கிலோவுக்கு மேல் வேண்டாம். அழுத்தமாகக் கவ்வினால் பசையெல்லாம் வெளியே பிதுங்கி, நடுவில் பசையே இல்லாத ஒட்டு மிஞ்சும். மிளகு அளவுக் குமிழ் ஒன்றிரண்டு இருந்தால் விட்டுவிடுங்கள். ஓரத்திலிருந்து விரிசல் வரை தொடர்ச்சியாக ஓடும் குமிழ்ப்பாதை இருந்தால்தான் கசியும்.

அடி மூலையில் பட்டிக்கும் அடிப்பலகைக்கும் நடுவே வழிந்த பசையை ஐஸ்கிரீம் குச்சியால் இழுத்து வளைவாக விட்டுவிடுங்கள், அந்த ஒட்டு இரட்டிப்பாகும். பிறகு 24 மணி நேரம் அசைக்காதீர்கள். தண்ணீர் 72 மணி நேரம் கழித்துத்தான்.

கை உறை பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நைட்ரைல் உறையில் டைகுளோரோமீத்தேன் பட்டால் சில நிமிடத்துக்குள் தோல் வரை வந்துவிடும். போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் விட்டுவிடாமல், பட்ட உடனே கழற்றி எறியுங்கள். குளோரோஃபார்ம் ஈரலைக் கெடுக்கும். மூடிய அறையில் துணியால் மூக்கைக் கட்டிக்கொண்டு செய்வது பாதுகாப்பே இல்லை.

உப்புத்தண்ணி:

சோதனையை 24 செ.மீ. ஊற்றி முடித்துவிடாதீர்கள். 32 வரை ஊற்றுங்கள், கரண்ட் போகும் ராத்திரியில் நிற்கப்போவது அதுதான். மட்டம் மூன்றில் ஒரு பங்கு கூடினால் பலகை மேல் விழும் விசை 26 கிலோவிலிருந்து 46 கிலோ ஆகிறது, உயரத்தின் வர்க்கத்துக்கு ஏறும். குழாய்த் தண்ணீரில் 48 மணி நேரம். வெளிப்பக்கம் டேப்பை உரித்துவிட்டு, ஓட்டைக்குள்ளும் விரிசலுக்கு நேராகவும் டிஷ்யூ பேப்பர் ஒட்டி வையுங்கள். கையால் தடவித் தெரியாத கசிவு அதில் வட்டமாக ஈரம் காட்டும். அந்தத் தண்ணீரைக் கொட்டி, இன்னொரு முறை நிரப்பி ஒரு நாள் வைத்து, அதையும் கொட்டுங்கள். வாடை இன்னும் வந்தால் மூன்றாவது முறை. ஓட ஆரம்பித்ததும் ஒரு வாரம் ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு வையுங்கள்.

திரும்ப வைக்கும்போது ஸ்டாண்டின் பலகையையும் பாருங்கள். அக்ரிலிக் சம்பின் அடி முழுவதும் தாங்கப்பட வேண்டும், ஓரம் மட்டும் தாங்கினால் போதாது. 18 மி.மீ. பிளைவுட், அதன்மேல் மெல்லிய ஃபோம். கீழே காய்ந்த உப்புக்கட்டி ஒன்று கிடந்தால்கூட அந்தப் புள்ளியில் அடி வளையும்.

கேட்டவர்:

புரிந்தது. கடைசியாக ஒன்று. வருங்காலத்தில் வெளிப்பம்ப் வேண்டும் என்றால் அந்தப் பட்டியிலேயே துளைக்கலாமா?

ஷீட்பட்டறை:

அந்த இடத்தில் வேண்டாம், வெள்ளிக்கோடு அங்கேதான் இருக்கிறது. பக்கப்பலகையில், எந்த ஒட்டிலிருந்தும் 8 செ.மீ. தள்ளிப் புதிதாகப் போடுங்கள். ஹோல்சா (வட்டத் துளை போடும் ரம்பம்) மெதுவாகச் சுற்ற, தண்ணீர் விட்டுக்கொண்டே, முக்கால்வாசி ஒரு பக்கமிருந்தும் மிச்சம் மறுபக்கமிருந்தும். விளிம்பை 320 காகிதத்தில் உருட்டி மழுக்குங்கள், சில்லு தெரியவே கூடாது. ரப்பர் வாஷர் தலைப்பக்கம் மட்டும், நட்டுப்பக்கம் வேண்டாம். கையால் இறுக்கி, அதற்குமேல் கால் சுற்று. கசிந்தால் ஸ்பேனரை எடுக்காமல் கழற்றி வாஷர் அடியில் மணல் இருக்கிறதா பாருங்கள். பல்க்ஹெட்டுக்கும் பம்புக்கும் நடுவே ஒரு ஜாண் நீளத்துக்கு வளையும் ஹோஸ் போட்டு, பைப்பின் எடையை ஸ்டாண்டில் கிளாம்ப் வைத்துத் தாங்கிவிடுங்கள்.

கண்ணாடிக் கட்சி:

இவ்வளவு எழுதியபிறகும் டிசி பம்பே வாங்குங்கள் என்றுதான் சொல்வேன்.